உள்மோடம் வந்த நாள்

இந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சொன்ன இடத்திலெல்லாம் கை தட்டியிருக்கிறார்கள். ஆனால் பல வருஷமாகவே இதில் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. முன்பின் தெரியாத உங்களிடம் இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் லேப்டாப் பையில் ஒட்டியிருக்கிற அந்தப் பெங்குவினால்தான். லினக்ஸ் ஆள் என்று தெரிந்த பிறகு பேசாமல் வர என்னால் முடியாது. இல்லை, இல்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்குப் பஸ் காற்று ஆகாது.

நான் ஈரோட்டில் இறங்குகிறேன். அங்கே எங்கள் லினக்ஸ் பயனர் குழுவுக்கு இன்று வெள்ளி விழா. நான்தான் சிறப்புப் பேச்சாளர். தலைப்பு, 'உள்மோடத்தை வென்ற கதை'. அழைப்பிதழில் என் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள். 'உள்மோடம்' சிகாமணி. சிலருக்குப் பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கும், சிலருக்குப் புலவர் இருக்கும். எனக்கு உள்மோடம். நூல் மில்லில் உட்கார்ந்து கணக்கெழுதியே தலை நரைத்தவனுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் இந்தச் சந்தேகமும் இவ்வளவு கனமாக இருக்கிறது.

உங்கள் வயசுக்கு நீங்கள் மோடத்தையே பார்த்திருக்க மாட்டீர்கள். டெலிபோன் கம்பி வழியாக இணையம் வந்த காலம் அது. கம்பிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிற தரகர்தான் மோடம். அதில் இரண்டு வகை. வெளிமோடம் என்பது தனிப் பெட்டி. மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு சிவப்பு விளக்குகளைச் சிமிட்டும். யாரோடு வேண்டுமானாலும் வேலை செய்யும். விலை அதிகம். உள்மோடம் என்பது கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் சொருகுகிற ஒரு அட்டை. அதற்குப் பெட்டி கிடையாது, விளக்கு கிடையாது, மூளையும் பாதிதான். மீதி மூளையை விண்டோஸ் கொடுக்க வேண்டும். லினக்ஸைக் கண்டால் அது செத்த மாதிரி படுத்துக்கொள்ளும்.

எனக்கு விண்டோஸைக் காசு கொடுத்து வாங்க வசதியில்லை. திருட்டு நகல் போட மனசில்லை. மனசில்லை என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். அதனால் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். கடைக்காரர் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்தது உள்மோடம். இப்போது புரிகிறதா என் நிலைமை?

குழுவில் லோகநாதன் என்று ஒருவன். லோகு என்போம். அவனிடம் மட்டும்தான் வெளிமோடம் இருந்தது. அதோடு ஒரு மீசையும் இருந்தது. இரண்டு கன்னத்திலும் தேள் மாதிரி ஏறி நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைத் தடவிக்கொண்டே என்னைச் சீண்டுவான்.

"டேய் சிகாமணி, அந்த அட்டைய வெளிய எடுத்து விசிறியா வெச்சுக்கடா. காத்தாவது வரும்."

"வரும்டா. ஒரு நாளைக்கு அது லினக்ஸ்லயே பேசும்."

"பேசுமா? உன்ற உள்மோடம் லினக்ஸ்ல ஒரே ஒரு தடவ வாயத் தொறந்துருச்சுன்னா, நான் இந்த மீசைய எடுத்தர்றேன்டா."

"அது வாயத் தொறக்கற வரைக்கும் நான் தாடிய எடுக்கமாட்டேன்டா."

சொல்லிவிட்டேன். குழுவே கை தட்டியது. கை தட்டல்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, நான் முன்பே கெட்டுத்தான் இருந்தேனா? தெரியவில்லை.

அப்போது கல்யாணமாகி எங்களுக்கு இரண்டு வருஷம். பூங்கொடி என் மனைவி. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மனைவி மாசமாக இருந்தால் புருஷன் தாடி எடுக்க மாட்டான், முடி வெட்ட மாட்டான். உங்கள் ஊரிலும் உண்டா? அப்படியானால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மோடத்துக்காகத் தாடி வளர்க்கிறான் என்று எவனுக்குத் தோன்றும்? எதிர்வீட்டு நாகமணியக்கா மாங்காய் நறுக்கி உப்பு மிளகாய்ப்பொடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்ககிட்ட சொல்லாம மறைக்கறயே, எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். பால்காரர் கேட்காமலே கூடப் பால் ஊற்றினார். தண்ணிக் குழாயில் பூங்கொடியைக் குடம் தூக்க விடவில்லை.

அவள் என்னிடம் வந்தாள். "ஏனுங்க, நான் என்னன்னு சொல்லட்டும்? வயித்துல ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர் வயித்துலதான் அட்டை இருக்குதுன்னு சொல்லட்டுங்களா?"

"ரெண்டு வாரம் பொறு. டிரைவர் கிடைச்சிரும்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எடுத்திருப்பேனோ என்னவோ. அந்த மாங்காயை மட்டும் சாப்பிடாமல் மூடி வைத்தாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான்தான் சாப்பிட்டேன்.

டிரைவர் என்பது அந்த மோடத்துக்கும் லினக்ஸுக்கும் பேச்சு சொல்லிக் கொடுக்கிற நிரல். அது இணையத்தில் கிடைத்தது. ஆனால் என் வீட்டில் இணையம் வரவேண்டும் என்றால் மோடம் வேலை செய்யவேண்டும், மோடம் வேலை செய்யவேண்டும் என்றால் டிரைவர் வேண்டும், டிரைவர் வேண்டும் என்றால் இணையம் வேண்டும். பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பிளாப்பி வட்டில் ஏற்றிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வருவதற்குள் பிளாப்பி கெட்டுப்போயிருக்கும். கெடாமல் வந்தால் அது வேறு கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் வேறு பதிப்பின் கருவுக்கு, எழுதிய டிரைவராக இருக்கும். மீண்டும் பிரவுசிங் சென்டர். பஸ்ஸில் பிளாப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாடியோடு உட்கார்ந்திருப்பேன். எழுந்து எனக்கு இடம் கொடுத்தவர்கள் உண்டு.

இதற்கு நடுவில் என் மாமனார் வந்தார். கவுந்தப்பாடிப் பக்கம் மஞ்சள் விவசாயம். மகளுக்கு விசேஷம் என்று யாரோ சொல்லி, கையில் ஒரு சேவலோடு வந்து நின்றார்.

"ஏனுங் மாப்ள, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க மாமா. இது மோடத்துக்காக வளக்கறது."

"மோடத்துக்கா?"

"ஆமாங்க. மோடம் வர்ற வரைக்கும் தாடிய எடுக்கறதில்லைன்னு சபதம் போட்டிருக்கறேன்."

மனுஷர் அப்படியே வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். அந்த வருஷம் மழையே இல்லை. எங்கள் பக்கம் மேகம் கூடி இருட்டிக்கொண்டு வந்தால் மோடம் வந்திருச்சு என்பார்கள். அவர் அதை நினைத்துக்கொண்டார்! நான் எவ்வளவோ விளக்கினேன். "மாமா, இது அந்த மோடம் இல்லீங்க. இதுக்கு டிரைவர் வேணும். டிரைவர் இல்லாததுனாலதான் வரமாட்டேங்குது" என்றேன்.

அவர் சேவலைக் கீழே விட்டார். "மோடத்துக்கு டிரைவர்னா அது காத்துதானுங் மாப்ள. தெக்கத்திக் காத்து நிக்கோணும், அப்பத்தான் வரும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ஊர்ல அத்தன பேரு காடு வெச்சிருக்கறானுங்க. ஒருத்தனும் மழைக்குன்னு ஒரு மசிரு வளத்தல. டவுன்ல மில்லு வேலைல இருக்கறவரு நீங்க வளத்தறீங்க."

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். பாவம், விவரம் தெரியாத மனுஷர். ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த முறை நான் போனபோது, டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். "தாடி மாப்பிள்ளை" என்றார்கள். ஒரு பாட்டிம்மா என் தாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேடையில் இதையெல்லாம் நான் சொல்வதில்லை. குடும்ப விஷயம். அதோடு, தொழில்நுட்பத்துக்கு இதில் சம்பந்தமும் இல்லை.

இப்போது முக்கியமான நாளுக்கு வருகிறேன்.

அன்று காலையில் ஒரு புதிய டிரைவர், கெடாத பிளாப்பியில், சரியான கர்னலுக்கு. என் கம்ப்யூட்டர் மெதுவானது. கர்னலைக் கட்டி முடிக்கவே மதியம் தாண்டிவிடும். கட்டி முடித்ததும் தானாகவே மோடத்தை எழுப்பி டயல் செய்யும்படி எழுதி வைத்துவிட்டு மில்லுக்குக் கிளம்பினேன். பூங்கொடி அப்போது மொட்டை மாடியில் இருந்தாள். புதிதாகத் தைத்த இலவம்பஞ்சு மெத்தையை நானும் அவளுமாக மேலே தூக்கி வெயிலில் போட்டிருந்தோம். அது ஒரு ஆள் தூக்குகிற கனம் இல்லை. கீழே நின்று கத்தினேன்.

"பூங்கொடி, மோடம் வந்துச்சுன்னா ஒடனே மில்லுக்குப் போன் பண்ணு!"

"வந்தாத்தானுங்களே!" என்றாள்.

சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்குப் போன் வந்தது. அந்தப் பேச்சை நான் மேடையில் அப்படியே நடித்துக் காட்டுவேன். வார்த்தை மாறாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

"ஏனுங்க, மோடம் வந்திருச்சுங்க!"

"நெசமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? நல்லாவே வந்திருச்சு."

"சத்தம் கேக்குதா?"

"கேக்குதாவா? கடகடன்னு கேக்குது. பளிச்சு பளிச்சுன்னு வேற வெட்டுது."

"எங்கிருந்து?"

"மேக்கால இருந்துதான். நீங்க சுருக்கா வாங்க. எடுக்கோணும்."

"எடுத்தரலாம், எடுத்தரலாம். இனி என்ன!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஏன், என்ன ஆச்சு? தண்ணீர் வேண்டுமா? புரை ஏறிவிட்டதா? இந்த இடத்தில் இதுவரை யாரும் சிரித்ததில்லை. நீங்கள்தான் முதல் ஆள். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, பாருங்கள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது மேற்குப் பக்கத்து அறை. சத்தம், அது மோடம் இணையத்தோடு கைகொடுக்கும்போது போடுகிற சத்தம். கீச்சுக் கீச்சென்றுதான் இருக்கும், கடகடவென்று இருக்காது. ஆனால் லினக்ஸில் எப்படி இருக்கும் என்று யார் காதால் கேட்டிருக்கிறார்கள்? பளிச்சென்று வெட்டியது என்ன என்பதில் எனக்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு. உள்மோடத்துக்குத்தான் விளக்கே கிடையாதே. திரையில் எழுத்துகள் ஓடியதைத்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சலூனுக்குப் போனேன். சபதம் சபதம்தானே. தாடியை எடுத்து, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் மழை. எப்பேர்ப்பட்ட மழை! அந்த வருஷத்து முதல் மழை. நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன். பூங்கொடி மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்க போனீங்க? மெத்த போச்சு! புது மெத்த! நான் ஒருத்தியா எப்படி எடுக்க..."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"தாடி எங்கீங்க?"

"எடுத்துட்டேன். மோடம்தான் வந்துருச்சே!"

அவள் என்னைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "வந்திருச்சுங்க... வந்திருச்சு..." என்று மட்டும் சொன்னாள். லினக்ஸின் வெற்றிக்காக ஒரு பெண் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

உள்ளே ஓடினால் கருகிய வாசனை. இடி டெலிபோன் கம்பி வழியாக இறங்கி மோடத்தைச் சுட்டிருந்தது. அட்டையில் கறுப்பாக ஒரு ஓட்டை. வந்த அன்றைக்கே போய்விட்டது. என் விதி அப்படி. அன்றைக்குப் பாயில்தான் படுத்தோம், மெத்தை நனைந்துவிட்டதால். ஆனால் அவள் படுத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

லோகு நம்பவில்லை. "சாட்சி யாருடா?" என்றான். "என் பொண்டாட்டி" என்றேன். நேராக வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் நின்று மீசையைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"தங்கச்சி, நீ உள்ளதைச் சொல்லு. மோடம் வந்துச்சா?"

"வந்துச்சுங்ண்ணா."

"சத்தம்?"

"ஊருக்கே கேட்டுச்சே! உங்களுக்குக் கேக்கலீங்களா?"

லோகு அப்படியே திரும்பிப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மீசை இல்லாமல் வந்தான். மேலுதடு மட்டும் வெளுப்பாக, பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் அதற்குப் பிறகு மீசை வைக்கவே இல்லை. "தோத்தவன் தோத்தவன்தான்டா" என்பான். இன்றைக்கும் முன் வரிசையில் அப்படியேதான் உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் இதைப் பேச வேண்டும்.

மாமனார் ஊரிலிருந்து போன் செய்தார். "மோடம் வந்ததும் ஒடனே எடுத்துட்டீங்களாமா மாப்ள? இன்னும் ரெண்டு நாள் வெச்சிருந்தீங்கன்னா ஏரியும் நெறஞ்சிருக்கும்" என்றார். கடைசிவரை அவருக்கு விளங்கவே இல்லை.

சந்தேகம் எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு கல்லூரியில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், உங்க வீட்ல எத்தனை போன் லைன்?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்றேன். "அப்ப மோடம் லைன்ல இருக்கும்போது உங்க மனைவி எப்படிப் போன் பண்ணினாங்க?" என்றாள். சட்டென்று, "எதிர்வீட்டு நாகமணியக்கா வீட்டிலிருந்து" என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையா? அன்றிலிருந்து நாகமணியக்காவும் கதையில் சேர்ந்துகொண்டார். ஆனால் பூங்கொடி அங்கே போனாளா என்று எனக்குத் தெரியாது. பிறகு அதே ரக அட்டை ஒன்றை மறுபடி வாங்கி, அதே டிரைவரைப் போட்டுப் பார்த்தேன். மூச்சு விடவில்லை.

அவளிடமே கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே, ஐயா. ஒரே வீட்டில் இத்தனை வருஷம். அவள் சாம்பார் ஊற்றும்போது கேட்கலாம் என்று நினைப்பேன். இன்னும் கொஞ்சம் ஊற்று என்றுதான் சொல்வேன். அவளும் நான் இந்தக் கதையை யாரிடமாவது ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கதவுக்குப் பின்னால் ஏதோ இருமல் சத்தம் கேட்கும்.

கொஞ்சம் பொறுங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். இப்போது நாங்கள் இருக்கிற கோயமுத்தூர் வீட்டிலிருந்து.

ஹலோ, சொல்லு பூங்கொடி. ஆமா, பெருந்துறை வரப்போகுது. இட்லி சாப்பிட்டேன். குடையா? இல்ல, எடுத்துட்டு வரல, எதுக்கு? என்னது? பஸ் சத்தத்துல சரியா விழல, இன்னொருக்கா சொல்லு.

என்ன வந்திருச்சு?

இரு. இரு. அதையே மறுபடி சொல்லு, அதே மாதிரி... ம். சத்தம் கேக்குதா? கடகடன்னா. வெட்டுதா... எந்தப் பக்கமிருந்து?

மேக்கால இருந்து.

நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? தோள் குலுங்குவது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. எப்போதிலிருந்து தெரியும் உங்களுக்கு? மாமனார் சேவலோடு வந்தபோதேவா?

பூங்கொடி, வெச்சிராத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இல்ல, கோபமெல்லாம் இல்ல. அங்க லோகு மீசையில்லாம முன்னாடி உக்காந்திருப்பான், நான் மேடையேறோணும், அதனால கேக்கறேன். நீ மொதல்ல சிரிக்கறத நிறுத்து.

அன்னிக்கு நீ மில்லுக்குப் போன் பண்ணுனது மெத்தைய எடுக்கவா, தாடிய எடுக்கவா?